குகை டைவிங்குக்கு ரெகுலேட்டர் வாங்கப் போய் நான் பட்ட பாடு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. பழைய ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குக் கொண்டுவரும் கருவி) இரண்டு, 84,000 ரூபாய். கூரியரும் சுங்க வரியும் சேர்த்து 13,500. சர்வீஸுக்கு 9,000. மெக்ஸிகோவில் வாடகைக்கு எடுத்தது 18,500. விமான டிக்கெட் தேதியை மாற்றியதற்கு 22,000. மொத்தம் 1,47,000 ரூபாய், அதாவது எனக்கு ஏறத்தாழ மூன்று மாதச் சம்பளம். கையில் மிச்சம் இருப்பது டிராயரில் கிடக்கிற இரண்டு பித்தளைக் கட்டிகள்தான்.

வேலூர்க்காரனுக்கு எதற்கு குகை டைவிங் என்று கேட்காதவர்கள் கிடையாது. பாலாற்றில் தண்ணீர் வந்தாலே செய்தி ஆகிற ஊர் இது. ஆனால் எங்கள் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கிணறு தெரியும். காட்பாடிக்கு மேற்கே எங்கள் பெரியப்பா நிலத்தில் ஒரு பெரிய சதுரக் கிணறு. முதுகில் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தள்ளிவிட்டுத்தான் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கோடையில் வாளி விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவார்கள், அதிலும் சிக்கவில்லை என்றால் நான் மூச்சுப் பிடித்து உள்ளே போவேன். கீழே போகப் போகக் குளிரும், காது அடைக்கும், அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் ஒரு சதுரமாகச் சுருங்கித் தெரியும். அந்தச் சதுரத்தின் மேல் எனக்கு அப்போதிலிருந்தே ஒரு பைத்தியம். புதுச்சேரியில் ஸ்கூபா கற்றேன், பிறகு அந்தமான், முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி. எண்பது டைவ் முடித்த பிறகு மெக்ஸிகோவின் யூகட்டான் குகைகளில் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டினேன். அம்மா 2018இல் தாய்லாந்து குகையில் சிக்கிய பிள்ளைகளின் செய்தியை டிவி முன்னாலிருந்து எழுந்திருக்காமல் பார்த்தவர். மீட்க உள்ளே போன சமான் குனான், காற்று தீர்ந்து இறந்துபோனது அவருக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "அவன் ராணுவத்துல பயிற்சி எடுத்த பையன்டா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

நான் செய்த முதல் தவறு, பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாமான் வாங்கியது. பணம் கட்டியாகிவிட்டது, நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு வேகம். ராணிப்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன், பிரஷரும் வால்வும் எனக்குத் தெரியாதா என்ற திமிரும் கூடவே இருந்தது. பக்கத்தில் இரட்டை சிலிண்டர் போட்டு டைவ் அடிக்கிற ஒருவர்கூட எனக்குத் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு போனில் படித்ததுதான் என் படிப்பு. படித்ததில் பாதி, எது லேசாக மூச்சு விடுகிறது, எது பனிக்கட்டி நீரில் உறையாது என்ற சண்டை. யூகட்டான் குகைத் தண்ணீர் 25 டிகிரி. நம் ஊர் மார்கழிக் கிணறு மாதிரி. உறைவதைப் பற்றி நான் ஏன் மூன்று வாரம் படித்தேன் என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது.

வாங்கியது இப்படி. ஒன்று, வெளிநாட்டில் ஒருவர் விற்ற டயஃப்ரம் வகை (உள்ளே பிஸ்டனுக்குப் பதில் சவ்வு), சிலிண்டர் வால்வுக்குள் திருகிப் போடுகிற டின் (DIN) பொருத்தி உள்ளது, 46,000. "போன வருஷம்தான் சர்வீஸ்" என்றார், ரசீது கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்று இந்தியாவிலேயே ஒருவரிடம், வேறு கம்பெனி, பழைய பிஸ்டன் வகை, வால்வைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற யோக் பொருத்தி உள்ளது, 38,000. என் கணக்கு என்னவென்றால், நல்லது ஒன்று முக்கிய மூச்சுக்கு, சுமாரானது ஒன்று அவசரத்துக்கு. காருக்கு ஸ்டெப்னி வாங்குகிற மாதிரி யோசித்திருக்கிறேன்.

அந்தக் கணக்கு ஏன் தப்பு என்று புரிய, இரட்டை சிலிண்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். முதுகில் இரண்டு சிலிண்டர். மேலே அவற்றை இணைக்கிற குழாய், அதற்கு மேனிஃபோல்ட் என்று பெயர், அதன் நடுவில் ஒரு வால்வு. வலது முனையில் ஒரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதாவது ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பூட்டுகிற பகுதி, இடது முனையில் ஒன்று. நடு வால்வு திறந்திருக்கும்வரை இரண்டு ரெகுலேட்டருமே இரண்டு சிலிண்டர் காற்றையும் இழுக்கும். ஒரு பக்கம் கெட்டுப்போனால் அந்த முனையின் வால்வை மட்டும் மூடிவிட்டு, மொத்தக் காற்றையும் மறுபக்கம் வழியாக இழுத்துக்கொண்டு வெளியே வரலாம். குகையில் தலைக்கு மேலே பாறை, நேராக மேலே ஏற முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. மூன்றில் ஒரு பங்கு காற்று உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு கூட வருகிறவருக்கு. இப்போது யோசித்துப் பாருங்கள். நல்லது கெட்ட அன்றைக்கு, நுழைவாயிலிலிருந்து 300 மீட்டர் உள்ளே, பயத்தில் வாங்குவாங்கென்று மூச்சு வாங்குகிற நேரத்தில், உயிரோடு கொண்டுவர வேண்டியது அந்த 'சுமாரானது'தான். இரண்டுமே ஒரே தரத்தில், முடிந்தால் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஒரே மாடல் என்றால் உதிரிபாகம் ஒரே பொட்டலம், வாயில் வைக்கிற பகுதியான செகண்ட் ஸ்டேஜை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடலாம், மூச்சு இழுக்கிற உணர்வும் ஒன்றாகவே இருக்கும்.

சர்வீஸுக்கு அனுப்பினேன். ஏழு வாரம் அங்கேயே கிடந்தது. போன் செய்தால் "அடுத்த வாரம் சார்". கடைசியில் டயஃப்ரம் ரெகுலேட்டரைச் "செக் பண்ணி க்ளீன் செய்தோம்" என்று ஒரு சீட்டு, பிஸ்டன் மாடலுக்கு "கிட் வருவதில்லை" (கிட் என்றால் உதிரிபாகப் பொட்டலம்) என்று இன்னொரு சீட்டு. அந்த மாடலுக்கு யோக்கைக் கழற்றிவிட்டு டின் போடுகிற மாற்றுப் பாகமும் கிடைக்காது என்றார்கள். அதையும் 9,000 கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். வாங்குவதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு போன் கால் செலவு. மாடல் பெயரைச் சொல்லி, கிட் கையில் இருக்கிறதா, எத்தனை நாளில் தருவீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, பதிலில் இழுவை இருந்தால் அந்த ரெகுலேட்டர் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஊரே மெச்சுகிற ரெகுலேட்டர் நம் பக்கத்தில் சர்வீஸ் ஆகவில்லை என்றால் அது நமக்கு நல்ல ரெகுலேட்டர் இல்லை.

திரும்பி வந்தபோது பயணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. புதுச்சேரிக்கு திருவண்ணாமலை வழியாக பஸ் பிடித்துப் போய் ஒரு தடவையாவது தண்ணீரில் இறக்கிப் பார்த்திருக்கலாம். லீவு போடவில்லை. சர்வீஸ் முடிந்து வந்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பியதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். உள்ளே காற்றை அடைத்து நிறுத்துகிற சீட்டைப் புதிதாகப் போட்டிருந்தால் அது படிந்து நிலைக்கச் சில டைவ் ஆகும், அழுத்தம் கொஞ்சம் நகரும், திரும்ப ஒருமுறை சரிசெய்ய வேண்டிவரலாம். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே சர்வீஸை முடித்து, பக்கத்துக் கடலில் நாலு டைவாவது அடித்துவிட வேண்டும்.

வேலை விஷயமாக அமெரிக்க விசா ஏற்கெனவே எடுத்திருந்தேன், அது செல்லுபடியாக இருந்ததால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. ரெகுலேட்டரைக் கைப்பையில்தான் வைத்திருந்தேன், அது ஒன்றுதான் நான் சரியாகச் செய்தது. சென்னை விமான நிலையத்தில் எக்ஸ்ரேவில் பார்த்துவிட்டு "இது இன்னா சார், பாம் மாதிரி கீது" என்று ஒருவர் கேட்டார். வாயில் வைத்து மூச்சு இழுத்துக் காட்டியதும் சிரித்துவிட்டு அனுப்பினார்.

பயிற்சியாளர் ஐம்பது தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் காலையில் என் சாமான்களை ஒரு மர மேஜையில் பரப்பச் சொன்னார். யோக்கை எடுத்து ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். அவ்வளவுதான் அதற்கான விளக்கம். பிறகு நானே கேட்டதால் சொன்னார்: யோக் வால்வுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பாறைக் கூரையில் ஒரு இடி வாங்கினால் கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் பிதுங்கிவிடும், டின் என்றால் ஓ-ரிங் உள்ளே சிறைப்பட்டு இருக்கும். அந்தப் பக்கத்துக்கு அவரிடமே ஒன்று வாடகைக்கு எடுத்தேன்.

அப்புறம் என் 'நல்ல' ரெகுலேட்டரை வலது முனையில் பொருத்திப் பார்த்தார். முகம் சுளித்தார். அதிலிருந்து கிளம்புகிற ஹோஸ் (ரப்பர் குழாய்) எல்லாம் நாலா பக்கமும் முள்ளம்பன்றி மாதிரி நின்றன. ஒற்றை சிலிண்டரில் அது அழகாகத்தான் இருந்தது, இரட்டையில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் படுக்கும் கோணமே வேறு. நான் படித்த கட்டுரை எதிலும் கண்ணில் படாத விஷயம் இது. ஹோஸ் திருகுகிற ஓட்டைகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. ஹோஸ்கள் கீழ்நோக்கி, உடம்பை ஒட்டி இறங்க வேண்டும். மேலே வளைந்து நின்றால் வழிகாட்டிக் கயிறு அதில் மாட்டும், வால்வைத் திருக நீட்டுகிற கை அதில் இடிக்கும். லோ பிரஷர் ஓட்டைகள் சுழலும் தலையில் இருக்கிற மாடல்களில், அதுவும் தலையின் நுனியில் ஐந்தாவது ஓட்டை இருந்தால், இது சுலபம். ஏபெக்ஸ் டிஎஸ்டி, ஸ்கூபாப்ரோ எம்கே25 இரண்டும் இந்த வகை, இரட்டை சிலிண்டர்காரர்கள் கையில் இவற்றை அடிக்கடி பார்க்கலாம். டயஃப்ரமா பிஸ்டனா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். இரண்டிலும் பேலன்ஸ்டு வகை என்றால் சரி, சிலிண்டர் காலியாகக் காலியாக மூச்சு கனக்காது.

வலது முனையிலிருந்து 2.1 மீட்டர் நீள ஹோஸ். அதன் செகண்ட் ஸ்டேஜ்தான் நம் வாயில். கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்தால் வாயில் இருப்பதையே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும், குறுகலான இடத்தில் ஒருவர் பின் ஒருவராக வெளியே வர அவ்வளவு நீளம் வேண்டும். விங்கில், அதாவது முதுகில் இருக்கிற மிதவைப் பையில், காற்று ஏற்றுகிற ஹோஸும் வலதிலிருந்தே. இடது முனையிலிருந்து குட்டை ஹோஸில் இன்னொரு செகண்ட் ஸ்டேஜ், ரப்பர் வளையத்தில் தாலி மாதிரி கழுத்தில் தொங்கும். பிரஷர் காட்டும் மீட்டரும் இடதிலிருந்து வந்து இடுப்பு வளையத்தில் மாட்டும். ஏன் நீள ஹோஸ் வலதில் என்று கேட்டேன். குகையில் முன்னோக்கிப் போகும்போது கூரை உரசினால் இடது வால்வின் குமிழ் மூடுகிற பக்கமாகச் சுற்றும், வலது திறக்கிற பக்கமாகச் சுற்றும். தெரியாமல் மூடிக்கொள்ளக்கூடியது இடது, அதனால் உயிர்நாடி வலதில். மெஷின் ஷாப்காரனுக்கு இந்த ஒரு பதில் போதும், அந்த ஆள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இரண்டாம் நாள் மதியம். செனோட் என்று அங்கே சொல்வார்கள், கூரை இடிந்து திறந்த பள்ளத்தில் தண்ணீர், நம் கிணறுதான், சுற்றிலும் காடு. குகைக்குள் போகும் இடத்தில் எலும்புக்கூடு படம் போட்ட பலகை, இதற்கு மேல் போகாதே என்று. அதற்கு வெளியேதான் இருந்தோம், ஆறு மீட்டர் ஆழம், தலைக்கு மேல் வெளிச்சம், வால்வு மூடித் திறக்கும் பயிற்சி. மூச்சை மெதுவாக விட்டு அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். வாயில் இருந்த ரெகுலேட்டர் தானாகவே லேசாகச் சீறியது. இரண்டு விநாடி நின்றது. மறுபடி. அப்புறம் திறந்துவிட்ட குழாய் மாதிரி கொட்ட ஆரம்பித்துவிட்டது. முகத்தைச் சுற்றி வெள்ளையாகக் குமிழ், எதுவும் தெரியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், வலது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது முனையை மூட வேண்டும். கை போனது, ஹோஸ் வளைவில் இடித்து நின்றது. திரும்ப முயன்றேன், அதே இடம். அப்போது நான் செய்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கைக்கு எட்டிய இடது வால்வை மூட ஆரம்பித்தேன். நல்லா இருந்த பக்கத்தை. பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கிவிட்டு, வலதை அவரே மூடினார். கழுத்தில் தொங்கியதை எடுத்து வாயில் வைத்தேன். மொத்தம் அரை நிமிடம்கூட இருக்காது. மேலே வந்து பாறையில் உட்கார்ந்தபோது தொடை இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. அழவில்லை, ஆனால் முகமூடியைக் கொஞ்ச நேரம் கழற்றவில்லை.

அன்று மாலை அவர் ஒரு சின்ன மீட்டரை எடுத்து விங் ஹோஸின் முனையில் சொருகினார். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வேலை சிலிண்டரில் இருக்கிற 200 பார் அழுத்தத்தைக் குறைத்து, சுற்றியிருக்கும் அழுத்தத்துக்கு மேல் 9 முதல் 10 பாரில் நிறுத்துவது. மூச்சு இழுத்தால் முள் கொஞ்சம் இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வந்து டக்கென்று நிற்க வேண்டும். என்னுடையது 9.5இல் வந்து, நிற்கவில்லை. பத்து. பத்தரை. பதினொன்று. மெதுவாக, நிதானமாக ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் செகண்ட் ஸ்டேஜ் தாங்காமல் சீறியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஏனென்றால் இதே முள்ளை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் ஷாப்பில் கேஸ் வெல்டிங் சிலிண்டரின் ரெகுலேட்டரில் இதே வியாதி வரும், எங்கள் வெல்டர் அண்ணன் டார்ச்சை மூடிவிட்டு மீட்டரை இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பார், "ஏறிக்கினே கீது பாரு தம்பி, சீட்டு பூடுச்சி" என்று கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். அங்கே தெரிந்தது எனக்கு இங்கே தோன்றவில்லை.

அந்த மீட்டர் சில ஆயிரம் ரூபாய்தான். ரெகுலேட்டருக்கு முன்னால் அதை வாங்குங்கள். பழையது வாங்குவதானால் விற்பவரை வீடியோ காலில் அதைச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும், நிறைந்த சிலிண்டரிலும் பார்க்க வேண்டும், பாதி காலியானதிலும் பார்க்க வேண்டும். மறுத்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, பழுது தெரிந்துவிட்டது என்பதற்காக நம் ஷாப் கருவியை வைத்துத் திறந்து, கையில் கிடைத்த கிரீஸைத் தடவிவிட வேண்டாம். ஆக்சிஜன் அதிகம் உள்ள காற்றோடு எண்ணெய்ப் பசை சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெல்டிங் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு நாள் வீணாயிற்று, டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன், வாடகை ஜோடியில் பயிற்சியை முடித்தேன். வலது வால்வை மட்டும் அந்த ஐந்து நாளில் இருநூறு தடவையாவது மூடித் திறந்திருப்பேன், ராத்திரி ரூமில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கை பின்னால் போய்விடும். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் கண்ணெதிரே எல்லாம் எண்ணெய் பட்ட கண்ணாடி மாதிரி கலங்கும், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஊருக்கு வந்து எட்டு மாதம் பணம் சேர்த்து ஒரே மாடல் ஜோடி வாங்கினேன், புதிது, டின், சுழலும் தலை. செகண்ட் ஸ்டேஜ் ஹோஸை இடமோ வலமோ எந்தப் பக்கமும் மாற்றிப் பொருத்தக்கூடிய வகை, பின்னால் வேறு அமைப்புக்கு மாறினாலும் உதவும். ஹோஸ்களை முன்பு வாங்கியதிலிருந்தே எடுத்துக்கொண்டேன், லோ பிரஷர் திருகு 3/8 அங்குலம், ஹை பிரஷர் 7/16, பெரும்பாலான கம்பெனிக்கும் அதுவே. அது ஒன்றுதான் அந்தப் பழைய பணத்தில் மீண்டது. அம்மா புதுப் பெட்டியைப் பார்த்து "திரும்பவுமா" என்றார். வெல்டர் அண்ணன் மீட்டரைச் சொருகி நின்ற முள்ளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பழையதை விற்பனைக்குப் போட்டிருந்தேன். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார், இரட்டை சிலிண்டர் கற்கப் போகிறாராம், விலை கேட்டார். முள் ஏறுகிறது, சீட் மாற்ற வேண்டும், கோணமும் சரிவராது என்று சொன்னேன். "அப்போ எதுக்குண்ணா போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார். பதில் இல்லை, விளம்பரத்தை எடுத்துவிட்டேன். பிறகு முக்கால் மணி நேரம் அவரோடு பேசினேன்.